மேரி அக்காவின் வலது கால்

வண்டி ஜேம்ஸ் ஸ்ட்ரீட்டைத் தாண்டுவதற்குள் மேரி அக்காவின் குரங்கு இரண்டு தடவை காதைப் பொத்திக்கொண்டுவிட்டது. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டார். வலது கால் ரயிலின் தரையைப் பட்டென்று ஒரு மிதி மிதித்தது. எதிரே உட்கார்ந்து மெந்தியக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாள் தன் காலை இழுத்துக்கொண்டு, "மெல்லகா, ஆன்ட்டீ" என்றாள். அந்த அம்மாள் அக்காவைவிட மூத்தவள். ஹைதராபாத்தில் ஆன்ட்டி என்று கூப்பிட வயது வரம்பெல்லாம் கிடையாது.

குரங்கு இருப்பது அக்காவின் கையில், ஒரு விளையாட்டுப் பெட்டியின் திரையில். இரண்டு கைக்குள் அடங்குகிற கறுப்புப் பெட்டி. வலது பக்கம் வட்டம், பெருக்கல், சதுரம், முக்கோணம் என்று நாலு பொத்தான். காதில் பாட்டு ஓடும். தாளத்துக்குத் தக்கபடி அதே வடிவங்கள் திரையின் மேலிருந்து இறங்கும். கீழே ஒரு கோடு இருக்கிறது. வடிவம் கோட்டைத் தொடுகிற நேரத்தில் அதற்குரிய பொத்தானை அழுத்த வேண்டும். சரியாக அழுத்தினால் ஒரு குரங்கு ஆடும். தப்பினால் காதைப் பொத்திக்கொள்ளும். நிறையத் தப்பினால் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடும், பாட்டும் நின்றுவிடும். பாட்டு ஜப்பான்காரர்களுடையது. அக்காவுக்கு அதில் ஒரு வார்த்தை புரியாது. அதுதான் வசதி என்பார். "புரிஞ்சா எழுதத் தோணும் மா. புரியாங்காட்டி பொத்தானோட நின்னுடுது."

லூர்துமேரி என்பது முழுப்பெயர். வயது நாற்பத்தாறு. லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, இன்னும் அங்கேயே இருப்பவர். அப்பா அரக்கோணத்திலிருந்து பட்டறை வேலைக்கு வந்தவர். அதனால் அக்காவின் பேச்சில் அரக்கோணம் அடியில் கிடக்கும், மேலே இந்த ஊர் மிதக்கும். வேண்டாம் என்பதற்கு மூன்று சொல் வைத்திருக்கிறார். என்னிடம் "வேணாம்", மெந்தியக்கீரை அம்மாளிடம் "வத்து", ஆட்டோக்காரரிடம் "நக்கோ". உண்மையிலேயே வேண்டாம் என்றால் எல்லோருக்கும் நக்கோதான்.

நான் பகவதி, நாகர்கோவில்காரி. தார்நாகாவில் குடித்தனம். மாதாப்பூரில் அக்கா வேலை செய்கிற அதே கம்பெனியில் எனக்கு மென்பொருள் பிரிவில் வேலை. ஒரு மழை நாளில் செகந்திராபாத் பிளாட்பாரத்தில் குடை மடங்கிப்போய், எங்கள் ஊர் வசவு ஒன்றை நான் வாய்விட்டுச் சொல்ல, பின்னாலிருந்து ஒரு குரல், "நம்மூரு பொண்ணா நீ? நல்லா திட்ற" என்றது. அன்றிலிருந்து பெண்கள் பெட்டியில் ஜன்னலோர இடம் எனக்கு, பக்கத்து இடம் அக்காவுக்கு. இடம் பிடிப்பது அக்காவின் பொறுப்பு. கைப்பையை வீசி இடம் பிடிக்கிற வித்தையில் அவரை மிஞ்ச அந்த மார்க்கத்தில் ஆள் இல்லை.

நாற்பத்தாறு வயதுப் பெண்மணி காலை நேரத்து ரயிலில் பொம்மை விளையாட்டு ஆடுவதைப் பார்த்துக் கல்லூரிப் பெண்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அக்கா பொழுதுபோக்குக்கு ஆடவில்லை. அவருடைய வேலை அந்தக் குரங்கின் கையில் இருந்தது. அதைச் சொல்வதற்கு முன் அவருடைய வலது காலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஊர் முழுக்கக் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்று பறந்த காலத்தில் அக்கா மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் படித்தார். அமீர்பேட்டையில் அப்போது மாடிக்கு ஒரு பயிற்சிக்கூடம். அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு செய்து அனுப்புவதை இங்கே கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். காதில் ஹெட்ஃபோன், கை விசைப்பலகையில், காலுக்குக் கீழே ஒரு பெடல். பெடலை நடுவில் மிதித்தால் குரல் ஓடும். காலை எடுத்தால் நிற்கும். முன்காலை இடப்பக்கம் சாய்த்து மிதித்தால் குரல் கொஞ்சம் பின்னால் போய் மறுபடி சொல்லும். புரியாத வார்த்தை வந்தால் இடப்பக்கம் ஒரு மிதி. இன்னும் புரியவில்லை என்றால் இன்னொரு மிதி. எத்தனை முறை கேட்டாலும் டாக்டர் சலித்துக்கொள்ள மாட்டார். இந்த உலகத்தில் அப்படி ஒரு மனிதர் கிடைப்பது கஷ்டம்.

டாக்டர்களை அக்கா பெயரால் சொல்வதில்லை. சப்பிக்கினே பேசறவரு, நாய் வளக்கறவரு, மூக்கடைச்சவரு என்றுதான் சொல்வார். நாய் வளர்க்கிறவர் சில நாள் பேசவில்லை என்றால் கவலைப்படுவார். நோயாளி இறந்துபோனதாகக் குரல் சொன்னால் தட்டுவதை நிறுத்தி, நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, பிறகுதான் அடுத்த வரிக்குப் போவார். முகம் தெரியாத எத்தனையோ அமெரிக்கர்களுக்கு மாதாப்பூர் நான்காம் மாடியில் இப்படி ஒரு ஜெபம் நடந்திருக்கிறது. அவர்களுக்குத் தெரியாது.

அக்காவின் பெருமை ஒன்றே ஒன்று. எந்தக் குரலாக இருந்தாலும் அவருடைய கோப்பில் பிளாங்க் இருக்காது. கேட்காத வார்த்தைக்கு ஒரு கோடு போட்டு விட்டுவிடுவதற்குத்தான் அந்தத் தொழிலில் பிளாங்க் என்று பெயர். மற்றவர்கள் கோடு போட்டு நகர்ந்துவிடுவார்கள். அக்கா நகர மாட்டார். "பிளாங்க் விடறது, சோத்துல கல்லப் பாத்துட்டு அப்டியே பரிமார்றா மாரி" என்பார். அதற்காகச் சாப்பாட்டு நேரத்தை விட்டிருக்கிறார், வண்டியை விட்டிருக்கிறார். எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும். ஒரு வார்த்தைக்காக ஒரு ரயிலா?

அந்தக் கால் நாற்காலியை விட்டு எழுந்த பிறகும் அடங்காது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் மைக் கரகரத்தால் சாமியாரின் பிரசங்கத்தை அக்காவின் கால் பின்னுக்குத் தள்ளப் பார்க்கும். காய்கறிக்காரர் விலையை முணுமுணுத்தால் தெருவிலேயே மிதிக்கும். வலது செருப்பு மட்டும் முன்பக்கம் இடது ஓரமாகத் தேயும். மெட்டுகூடா முனையில் செருப்பு தைக்கிறவர் வாதமோ என்று விசாரித்தாராம்.

இந்தக் காலை நன்றாகப் புரிந்துகொண்டவர் ஒருவர்தான். அக்காவின் கணவர் இருதயராஜ். பட்டறையில் ஃபிட்டர். இரும்பை இரும்பால் அடிக்கிற இடம் அது; அங்கே வேலை செய்கிற எல்லோரும் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார்கள். இவர் மட்டும் மீசைக்குள் பேசுகிறவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். கறிக்குழம்பும் ரசமும். அவர் தட்டைப் பார்த்தபடி ஏதோ சொன்னார். எனக்குக் காற்று வந்த மாதிரிதான் இருந்தது. மேசைக்கடியில் அக்காவின் கால் இடப்பக்கம் சாய்ந்து தரையை அழுத்தியது. அவர் குனிந்து அந்தக் காலைப் பார்த்தார், மறுபடி சொன்னார். "கொஞ்சம் ரசம்."

கல்லூரியில் படிக்கிற மகள் ஷெரின் புரையேறச் சிரித்தாள். "டாடீ, ரிவைண்ட்" என்றாள். அவள் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிற ரகம். அந்த வீட்டில் யாரும் யாரையும் "என்ன சொன்ன?" என்று கேட்டு நான் பார்க்கவில்லை. கால் கேட்கும், அவர் சொல்வார். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடக் கோபித்துக்கொண்டதில்லை என்று அக்கா சொல்லியிருக்கிறார். பாராட்டினதும் இல்லையாம். "அந்த மனுசனுக்கு அந்த வார்த்தையே தெரியாது மா. பெத்த புள்ள பஸ்ட் கிளாஸ்ல பாஸ் பண்ணா 'ம்' னாரு. அதையும் ரெண்டு வாட்டி கேக்க வேண்டியதா போச்சு."

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலுக்கு இரண்டாயிரத்து ஒன்பதில் ஆபத்து வந்தது. கம்பெனியிலிருந்து எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல். உற்சாகமான செய்தி என்று தலைப்பு. யாரையாவது வீட்டுக்கு அனுப்பப்போகிற அன்றுதான் கம்பெனிக்கு உற்சாகம் பொங்கும். இனிமேல் டாக்டர்களின் குரலை இயந்திரம் கேட்டுத் தானே எழுதிவிடும். பெடல் பிரிவு மூடப்படும். அங்கே இருக்கிறவர்கள் புதிதாக வருகிற லைவ் பிரிவுக்குத் தேர்வு எழுதலாம். தேறாதவர்களுக்கு வாழ்த்துகள்.

லைவ் என்றால், இங்கிலாந்துக் கல்லூரிகளில் காது கேளாத மாணவர்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். ஆசிரியர் பேசப் பேச, அந்தக் குரல் மாதாப்பூருக்கு வரும். இங்கே ஒருவர் கேட்டுக்கொண்டே தட்டுவார். தட்டியது அந்த மாணவரின் முன்னால் உடனே எழுத்தாக ஓடும். பெடல் கிடையாது. நிறுத்த முடியாது. பின்னால் போக முடியாது.

அக்கா தேர்வுக்குச் சிரித்துக்கொண்டுதான் போனார். அவருடைய வேகத்துக்கு அந்த மாடியிலேயே ஆள் கிடையாது. தேர்வுக்கு ஓடவிட்ட வகுப்பு பழைய நீராவி எஞ்சின்களைப் பற்றியது. கேட்டதும் பட்டறைக்காரர் மகளுக்குச் சந்தோஷம். கொஞ்ச நேரத்தில் எஞ்சினின் ஏதோ ஒரு பாகத்தின் பெயர் வந்தது. அப்பா வீட்டில் தினமும் சொல்லிக் கேட்ட பெயர்தான். அந்த வாத்தியாரின் வாயில் அது வேறு மாதிரி வந்தது. அக்காவின் கால் வெறும் தரையை இடப்பக்கமாக மிதித்தது. மிதித்துவிட்டு, விரல்களை விசைகளின் மேல் வைத்துக்கொண்டு, அந்த வார்த்தை மறுபடி வருவதற்காகக் காத்திருந்தார்.

"நா நிறுத்துனா அவரு நிப்பாருன்னு குந்திக்கினு இருந்தேன் மா" என்றார் அன்று மாலை ரயிலில். "அவரு போய்க்கினே இருந்தாரு. நா மிதிக்கிறேன், அவரு போறாரு. நா இன்னும் அழுத்தி மிதிக்கிறேன். நாற்காலிதான் பின்னாடி போச்சு."

அவர் எழுதிய தாளை நான் பார்த்தேன். முதல் பத்தி கல்வெட்டு. ஒரு புள்ளி பிசகவில்லை. அதற்குப் பிறகு வெள்ளை.

தேர்வு நடத்தும் பயிற்சியாளர் சுதர்சன் சென்னைப் பையன். அக்காவை நன்றாகத் தெரிந்தவன். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு, ஆறு வாரம் கழித்து, என்று சொல்லி அனுப்பினான். "மேடம், ஒரு வார்த்தை போச்சுன்னா விட்டுடுங்க. அடுத்தது வந்துட்டே இருக்கும்" என்றானாம். "விட்டுடுங்க விட்டுடுங்கன்னா எப்டி மா விடறது? விடறதுக்கு எங்க சொல்லித் தர்றாங்க?" என்று அக்கா என்னைக் கேட்டார். அடுத்த வருஷம் இருதயராஜுக்கு ஓய்வு. குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஷெரினுக்குப் படிப்பு இன்னும் முடியவில்லை. ஊரில் இருக்கிற பெடல் கம்பெனிகள் எல்லாமே கடையைக் கட்டிக்கொண்டிருந்தன. அக்காவுக்கு இந்த வேலை போனால் இன்னொன்று இல்லை. பேகம்பேட்டை வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தோம்.

அன்று வீட்டுக்குப் போனால் ஷெரின் கட்டிலில் படுத்துக்கொண்டு, மஸ்கட் சித்தப்பா வாங்கிக் கொடுத்த பெட்டியில் குரங்கு ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். மறுநாள் காலை அக்கா அந்தப் பெட்டியோடு ரயிலில் ஏறினார். முகத்தில் முந்தின நாள் சோர்வு இல்லை.

"அவ கை தப்பிடுச்சு மா. ஒரு சதுரம் கீழ போயிடுச்சு. இவ பாட்டுக்கு அடுத்தத அடிக்கிறா. திரும்பிகூட பாக்கல. ஏண்டி விட்டேன்னேன். 'போயிந்தி கதா மா'ங்கறா. போச்சு இல்ல, அவ்ளோதானாம். எனக்கு அப்டியே தூக்கிவாரிப் போட்டுச்சு. இதுவும் நிக்காது, திரும்பாது. இதுலதான் பழகணும்னு புடுங்கினு வந்துட்டேன்."

"ஷெரின் விட்டுட்டாளா?"

"மா, நா கேம் எப்புடு இஸ்தாவுன்னு கத்தறா. எனக்கு வேல கெடச்சதும் இஸ்தா, குடுத்துடறேன்னு சொல்லிட்டேன்."

முதல் வாரம் கொடுமை. தப்பித் தப்பி விழுந்தால்கூடப் பரவாயில்லை. ஒன்று தப்பியதும் கால் மிதிக்கும். மிதிக்கிற நேரத்தில் பின்னால் வருகிற வட்டமும் முக்கோணமும் கொத்தாகக் கோட்டைத் தாண்டிவிடும். குரங்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடும். தேர்வில் நடந்த அதே கதைதான். நேச்சர் க்யூர் ஸ்டேஷன் வருவதற்குள் பத்துப் பாட்டாவது நின்றுபோகும். மெந்தியக்கீரை அம்மாள் வேறு இடத்துக்கு மாறிப் பார்த்தாள். அங்கே கொத்தமல்லி ஆய்கிறவள் உட்கார்ந்திருந்ததால் திரும்பி வந்துவிட்டாள்.

அக்கா காலைக் கட்டிப்போடப் பார்த்தார். சாப்பாட்டுப் பையைக் காலின் மேல் வைத்துக்கொண்டார். அன்று சாம்பார் பெட்டியெங்கும் மணத்தது. அடுத்த நாள் காலை மடித்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். "என்னத்துக்கு அக்கா இப்பிடி ஒடுங்கி இருக்கிய?" என்றேன். விரல் போய்க்கொண்டே இருந்தது: பெருக்கல், வட்டம், வட்டம். நாங்கள் இறங்குகிற ஹைடெக் சிட்டி வந்து எழுந்தால் கால் மரத்துப்போய் நிற்க முடியவில்லை. கூட்டம் இறங்கி, கூட்டம் ஏறி, நாங்கள் ஹஃபீஸ்பேட்டையில் போய் இறங்கினோம். அங்கிருந்து ஆட்டோ. வழி முழுக்க அக்கா தன் காலைப் பார்த்து அர்ச்சனை செய்துகொண்டே வந்தார். மூன்று பாஷையில்.

இரண்டாம் வாரம் என்று நினைக்கிறேன். பரத் நகரில் சிக்னலுக்கு வண்டி நின்றுவிட்டது. அக்கா பெட்டியை மடியில் கவிழ்த்து வைத்தார். "கால் இல்ல மா" என்றார். "கால் பாவம். அத போயி கட்டி வெச்சா என்னா ஆவும்? மனசுதான் பின்னாடி ஓடுது, கால் தொணைக்குப் போவுது. ஒரு வட்டம் விட்டா எனக்கு வவுறு எரியுது பகவதி. இங்க நா ஒரு வார்த்தைக்கு அழுதுகினு நின்னா, அங்க அந்தக் காது கேக்காத புள்ளைக்கு ஒரு பக்கமே போயிடும். அத்த நெனைக்கணும் இல்ல?"

அடுத்து அவர் செய்ததைப் போல யாரும் அந்த விளையாட்டை ஆடியிருக்க மாட்டார்கள். வேண்டுமென்றே தப்ப ஆரம்பித்தார். ஒவ்வொரு பாட்டிலும் கைக்கு வாகாக வருகிற ஒரு வட்டத்தைத் தேர்ந்தெடுத்து, கட்டைவிரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அது கோட்டைத் தாண்டிப் போவதைக் கண்ணால் பார்ப்பார். குரங்கு காதைப் பொத்தும். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு "போயிந்தி" என்பார். அடுத்ததை அடிப்பார். முகத்தைப் பார்த்தால் ஊசி போட்டுக்கொள்கிறவர் மாதிரி இருக்கும். இந்தக் கூத்தைக் கேள்விப்பட்ட ஷெரின், நன்றாக இருந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று எனக்கே ஃபோன் செய்தாள். "ஆன்ட்டீ, அம்மா ஈஸியா வர்றதையே விட்டுடறாங்க, ஏன்?" அவள் தமிழில் பேசி நான் கேட்டது அன்றுதான். அவ்வளவு கவலை.

"விடறதுக்குப் பழகறேன்னு சொல்லு" என்றார் பக்கத்திலிருந்த அக்கா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒன்று விட்டுப் பழகியதும் சேர்ந்தாற்போல் இரண்டு விட்டார். பிறகு வேகமான பாட்டுக்குப் போனார். கால் முதலில் துடித்தது. பிறகு பாதி எழும்பி, தயங்கி, இறங்கியது. நான் திரையைப் பார்ப்பதை விட்டு அந்தக் காலையே பார்க்க ஆரம்பித்தேன். மெந்தியக்கீரை அம்மாளும் அப்படித்தான். கீரைக் காம்பைக் கிள்ளியபடி கால் அசையாத நாளில் தலையை ஆட்டுவாள். காய்ச்சல் வந்து ஒரு நாள் நான் வேலைக்குப் போகவில்லை. அடுத்த நாள் அக்காவுக்கு முன்னால் அந்த அம்மாள்தான் எனக்குச் செய்தி சொன்னாள், நேற்றுக் கால் தரையிலேயே இருந்தது என்று.

அந்த விளையாட்டில் வெகு வேகமான, வெகு நீளமான பாட்டு ஒன்று உண்டு. வடிவங்கள் அடைமழையாகக் கொட்டும். அக்கா அதை ஒரு தடவைகூட முடித்ததில்லை. இரண்டாம் தேர்வு நாளன்று காலை வண்டி ஏறியதும் அதைப் போட்டார். நான் வேண்டாமே என்றேன். "நக்கோ" என்றார். அந்த நக்கோவுக்கு மேல் பேச முடியாது. சஞ்சீவையா பார்க்கில் ஒன்று போயிற்று. ஃபதே நகரில் கொத்தாகப் போயிற்று. குரங்கு காதைப் பொத்தியது, எடுத்தது, பொத்தியது. அக்காவின் விரல் நிற்கவில்லை, கால் அசையவில்லை. போரபண்டாவில் பாட்டு முடிந்தது. குரங்கு ஒரு குட்டிக்கரணம் போட்டது. திரையில் மதிப்பெண் வந்தது: ‘சி’. அதற்குக் கீழே தரமே கிடையாது.

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாங்கினால் அந்த ஒன்றுக்காகச் சாப்பிடாமல் இருந்த மனுஷி அந்த ‘சி’யை என்னிடம் காட்டினார், மெந்தியக்கீரை அம்மாளிடம் காட்டினார், நின்றுகொண்டிருந்த முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடமும் காட்டினார். "முடிச்சுட்டேன் பாரு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தேர்வு மென்பொருள் எங்கள் பிரிவுடையது. அது மக்கர் பண்ணினால் பார்க்க நான் பின்வரிசையில் உட்கார வேண்டியிருந்தது. அதனால் எல்லாவற்றையும் நேரில் பார்த்தேன். மண்புழுக்களைப் பற்றி ஒரு வகுப்பு. பேராசிரியை நிதானமானவர்தான், நடுவில் யாரோ மேசையை இழுத்து, கதவைச் சாத்தி, ஒரு வாக்கியத்தின் பாதி அந்த இரைச்சலில் போய்விட்டது. அக்காவின் முதுகு விறைத்தது. நான் மேசைக்கடியில் குனிந்து பார்த்தேன். வலது செருப்பு முன்பக்கம் எழும்பியிருந்தது. கொஞ்சம் அப்படியே நின்றது. பிறகு இறங்கியது. திரையில் அக்கா ஒரு கோடு போட்டார். அத்தனை வருஷத்தில் அவர் போட்டு நான் பார்த்த முதல் பிளாங்க். கை அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டது.

முடிந்ததும் சுதர்சன் எழுந்து வந்தான். நல்ல பையன், நல்லதுதான் நினைத்தான். "மேடம், நடுவுல அந்தச் சத்தம் எங்க ரெக்கார்டிங் தப்பு. வேணும்னா அந்த இடத்த மட்டும் திருப்பிப் போடறேன். ஃபில் பண்ணிடுங்க" என்றான்.

பசித்தவர் முன்னால் இலையைப் போட்ட மாதிரி. அக்கா திரையில் இருந்த அந்தக் கோட்டைப் பார்த்தார். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"போயிந்தி சார்" என்றார். "வகுப்புல அந்தப் புள்ளைக்கு யாரு திருப்பிப் போடுவா?"

மாலை நாலு மணிக்கு முடிவு வந்தது. லைவ் பிரிவில் சேரச் சொல்லி அக்காவுக்குக் கடிதம். வேறு சிலருக்கு அந்த வாழ்த்துக் கடிதம். அக்கா அவர்களிடம் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்பினார். பெடலைக் கழற்றி, ஒயரைச் சுற்றி, ஈரத்துணியால் துடைத்து, பொருள் பிரிவில் ஒப்படைத்தார். ரயிலில் பெட்டியை எடுக்கவில்லை. ஷெரினிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று கைக்குட்டையால் அதையும் துடைத்தார்.

செகந்திராபாத்தில் இருதயராஜ் பட்டறையின் நீலச் சட்டையோடு பிளாட்பாரத்திலேயே நின்றுகொண்டிருந்தார். வழக்கமாக வெளியே ஸ்கூட்டரோடு நிற்பவர், அன்று டிக்கெட் எடுத்து உள்ளே வந்திருந்தார். அக்கா அவர் முன்னால் போய் நின்று, தலையை மட்டும் ஒருமுறை மேலும் கீழும் ஆட்டினார். அவர் செருப்பைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், மீசையைத் தடவினார்.

"கெட்டிக்காரி மேரி நீ" என்றார்.

வண்டி அதற்குள் போய்விட்டது. கூட்டமும் படியேறிவிட்டது. பிளாட்பாரம் நிசப்தமாக இருந்தது. தள்ளி நின்ற எனக்கே ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. வாயில் எதையோ சப்பிக்கொண்டு பேசுகிற டாக்டரையே விளங்கிக்கொள்கிற காது அக்காவுடையது. அவர் கணவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். வலது செருப்பின் முனை மெதுவாக எழும்பி, இடப்பக்கம் சாய்ந்து, தரையை அழுத்தியது.

இருதயராஜ் குனிந்து காலைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் உரக்க, மறுபடி சொன்னார்.

கால் மறுபடி அழுத்தியது.